பார்த்தால் பொங்காது பானை

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்வருகிற அத்தனை லட்சம் பேரில், ட்ரெயின் வருகிறதா என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் பானை சார்தான். சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். மற்றவர்கள் பிளாட்பார விளிம்பில் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி நிற்பார்கள். அவர் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருக்கும் மூலம், பௌத்திரம் நோட்டீஸை முழுசாகப் படித்துக்கொண்டிருப்பார். வந்தால் சத்தம் கேட்கும், கேட்டால் திரும்பிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

ட்ரெயினுக்கு இது சரிப்பட்டது. பஸ்ஸுக்குச் சரிப்படவில்லை. பஸ் ஸ்டாப்பிலும் மனிதர் முதுகைத்தான் காட்டுவார். டிரைவர்கள் இவர் ஏறப்போகிறவர் இல்லை என்று முடிவு கட்டிப் போய்விடுவார்கள். மூன்று பஸ்ஸை இப்படி வழியனுப்பிவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். "ஏன் சார் லேட்டு?" என்றால், "நான் லேட் இல்ல சார். பஸ்ஸுதான் அவசரம்" என்பார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். லிஃப்ட் சர்வீஸ் கம்பெனி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. மெக்கானிக்குகளை எந்த அபார்ட்மெண்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது என் வேலை. லிஃப்ட் நின்றுபோய்க் கத்துகிறவர்களிடம் ஃபோனில் பேசுவது அவர் வேலை. நான் ஒரு பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு நிற்கத் தெரியாதவன். எட்டு தடவை அழுத்துவேன், ஒன்பதாவது தடவை உதைப்பேன். எனக்கு எதிர் நாற்காலியில் இவரை உட்கார வைத்தது யார் செய்த விளையாட்டோ தெரியாது.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்லவில்லையே. இங்கிலீஷில் ஒரு வசனம் உண்டு: 'எ வாட்ச்டு பாட் நெவர் பாயில்ஸ்'. பார்த்துக்கொண்டே இருந்தால் பானை கொதிக்காது. அதாவது, அவசரப்பட்டு அதையே கவனித்துக்கொண்டிருந்தால் எந்தக் காரியமும் நடக்கிற மாதிரியே தெரியாது, பொறுமையாக வேறு வேலையைப் பார். உலகத்தில் எல்லாருக்கும் ஒரு நாளில் பத்து வசனம் தேவைப்படும். இவர் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார். காபிக்குக் கெட்டிலில் தண்ணீர் வைத்தால் அதன் மேல் பேப்பரை விரித்து மறைப்பார். பிரிண்டரில் காகிதம் வரும்வரை கண்ணை மூடிக்கொள்வார். அவருடைய நிஜப் பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் தேடியதில்லை.

சேலையூரில் ஒரு அபார்ட்மெண்டில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டு, செல்போனில் எங்களைக் கூப்பிட்டார். எங்கள் மெக்கானிக் சலீம் பாய் அந்த நேரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நெரிசலில் பைக்கோடு நின்றுகொண்டிருந்தார். பானை சார் ஸ்பீக்கரைப் போட்டார்.

"சார், பதினஞ்சு நிமிஷமா உள்ள நிக்கறேன். ஆள் வருவாரா, மாட்டாரா?"

"வந்துக்கிட்டே இருக்கார் சார். நீங்க இப்ப எதைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"எதைப் பாப்பாங்க? கதவைத்தான்."

"அங்கதான் சார் தப்பு. உள்ள கண்ணாடி இருக்கும் பாருங்க, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. தலை சீவணும்னா சீவிக்கலாம். ஒரு விஷயம் சொல்றேன். ரொம்ப வருஷத்துக்கு முந்தி, பிரான்ஸ் தேசத்துல ஒரு காலை நேரம். அமெரிக்காலேர்ந்து ஒரு பெரியவர் வந்து தங்கியிருக்கார். அகோரப் பசி. சமையல்காரம்மா அப்பதான் அடுப்புல பானையை வைக்கறாங்க..."

இதுதான் அந்த வசனம் பிறந்த கதை. பசித்த பெரியவர் பானையையே முறைத்துக்கொண்டிருந்தாராம், அது கொதிக்கிற வழியாக இல்லையாம், கடைசியில் வெறுத்துப்போய் அவர் சொன்ன வார்த்தையாம். இரண்டு வரிக் கதை. பானை சார் அதை மெக்கானிக் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்துக்கு இழுப்பார். சேலையூர் கேம்ப் ரோடு வரை சலீம் பாய் வந்துவிட்டால் கதை நாலு நிமிஷம். சந்தை நெரிசல் என்றால் சமையல்காரம்மாவுக்கு ஒரு புருஷன் வருவான், அவனுக்கும் பெரியவருக்கும் வாக்குவாதம் வரும். பானைக்குள் சில நாள் கஞ்சி இருக்கும், சில நாள் சூப். ஆடி மாதத்தில் ஒரு தடவை கூழ்கூட இருந்தது.

சாயங்காலம் சலீம் பாய் படியேறி வந்து ஹெல்மெட்டை என் மேஜைமேல் வைத்தார்.

"இன்னா சார் இது, பேஜாரா கீது. கதவ தொறந்து வுட்டு, 'வெளிய வா சார்'ன்றேன். அந்த ஆளு வெரல காட்டி, 'இருப்பா, அந்தம்மா மூடிய தொறந்தாங்களான்னு சொல்லிகினு இருக்காரு'ன்றான். நான் வெளிய நின்னுகினு கீறேன், அவன் உள்ள நின்னுகினு கத கேக்கறான்."

"தொறந்தாங்களா பாய்?" என்றேன்.

"அது எனுக்கு எப்டி சார் தெரியும்? எனுக்கும் பாதிதான் கேட்டுச்சு. சார், தொறந்தாங்களா?" என்று பானை சாரிடம் திரும்பினார்.

அதற்கப்புறம் லிஃப்ட் நன்றாக ஓடும்போதே ஃபோன் செய்து, "போன தடவை கதை முடியறதுக்குள்ள லிஃப்டைச் சரி பண்ணிட்டாங்க சார்" என்று குறைப்பட்டவர்கள் உண்டு. நானும் ஒரு நாள் செல்போனில் தேடிப் பார்த்தேன். அமெரிக்கப் பெரியவர், பிரான்ஸ், பசி, காலைச் சாப்பாடு எல்லாம் ஏறக்குறைய சரிதான். சமையல்காரம்மாவின் புருஷனும் கூழும் இவர் கைச்சரக்கு.

சரி, இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது? ஒரு நாள் ஆபீஸ் வேலையாக அவரோடு கூடுவாஞ்சேரி பக்கம் ட்ரெயினில் போக நேர்ந்தபோது தெரிந்தது. அவர் அங்கேதான் வாடகைக்கு இருந்தார். வண்டலூர் தாண்டியதும் சடாரென்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, என் தோளையும் பிடித்துத் திருப்பினார்.

"என்ன சார், தெரிஞ்சவங்க யாராவது?"

"இல்ல சார். ஊரப்பாக்கம் வரைக்கும் அந்தப் பக்கம் பாக்காதீங்க. அங்க நான் ஒரு ஃபிளாட் புக் பண்ணியிருக்கேன். ஏழு வருஷமாச்சு. நான் பாக்காம வச்சிருக்கேன், நீங்க பாத்துக் கெடுத்துடாதீங்க."

நம்மால் முடியுமா? ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். வேலை பாதியில் நின்றுபோன கட்டடம். தூண்கள், பாதிச் சுவர்கள், வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகள். இரண்டாவது மாடி விளிம்பில் ஒரு ஆடு நின்று ட்ரெயினை வேடிக்கை பார்த்தது. சாருக்கு முன்னால் அது கிரகப்பிரவேசம் முடித்துவிட்டது.

வீட்டில் மாலதியிடம் சொன்னேன். மாலதி என் மனைவி. "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க. உங்க பானை சார் பூமியை வாங்கிட்டுப் பொறுத்துக்கிட்டு இருக்காரா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பாவம்ங்க" என்றாள். அப்போது நாங்களும் செம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்குச் சாவி வாங்கக் காத்திருந்த நேரம்.

இனி கொஞ்சம் என் கதை சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் பல்லாவரத்தில் வாடகை வீட்டுக்குக் குடி போனோம். பால் காய்ச்சினோம். பொங்கவில்லை. ராகுகாலம் நெருங்குகிறது என்று நான்தான் அவசரப்பட்டு, "சூடாயிடுச்சு, போதும், இறக்கு" என்றேன். இறக்கிவிட்டாள். அந்த வீட்டில் இருந்த ஒன்பது வருஷத்தில் மாலதிக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிற்று. பாலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், அவளே சொல்லிக்கொண்டாள். ஆனால் செம்பாக்கம் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள், புதுப் பித்தளைப் பானையைத் தேய்த்துக்கொண்டே தலை நிமிராமல், "இந்தத் தடவை பொங்கிடும் இல்ல?" என்று கேட்டாள். பால் பொங்கினால் வாழ்க்கை பொங்கும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். பொங்காமல் போனால் அவள் என்ன நம்புவாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

திங்கட்கிழமை. ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள் நல்ல நேரம். ஏழரைக்கு ராகுகாலம். எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்டுக்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷன் வரவில்லை. "மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனி, ஆனா மாடி ஏறித்தான் வரணும்" என்று மாமியார் ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஐயருக்கு முழங்கால் வலி. அவர் மாடிக்கு மாடி உட்கார்ந்து வந்து, ஹோமம் முடித்து, பானை அடுப்பில் ஏறும்போது மணி ஏழு ஐந்து.

அடுப்பைப் பற்ற வைக்கும் பெருமை எனக்கு. புது அடுப்பு, பூச்சூடி, பொட்டு வைத்து, மணப்பெண் மாதிரி இருந்தது. அவசரம்தான் இருக்கிறதே, தீ முழுசாக வரட்டும் என்று திருகைக் கடைசிவரை திருப்பினேன். வீட்டில் அடுப்படிப் பக்கம் போகிற எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். கடைசிவரை திருப்பினால் சிம் என்பது எனக்குத் தெரியாது. அகலமான பானை, அடியில் தீ எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏழு பத்து. சமையலறையில் முப்பது பேர். முப்பது பேரும் பாலையே பார்த்தார்கள். அது ஏடு கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஏழு பதினைந்து. மாமியார், "பால் சரியில்லையோ?" என்றார். ஒரு சித்தப்பா, "பித்தளை கனம் ஜாஸ்தி" என்றார். ஐயர் செல்போனில் மணி பார்த்தார். மாலதி முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் பாலைப் பார்த்தேன். "போதும், இறக்கு" என்று நான் அன்றைக்குச் சொன்னது என் காதிலேயே கேட்டது.

சமையலறை வாசலில் ஒருவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரென்று சொல்லத் தேவையில்லை. அவர் தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்குங்க. ஏரி தெரியுது பாருங்க. யாரும் பானையைப் பாக்கக் கூடாது."

"யாருங்க இவர்?" என்றார் சித்தப்பா.

"சார் சொன்னாத் திரும்பு சித்தப்பா" என்றாள் மாலதி. அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. முப்பது பேரும் செம்பாக்கம் ஏரிக்கு முகத்தைத் திருப்பினோம். முதுகுக்குப் பின்னால் கதை ஆரம்பித்தது.

"பிரான்ஸ் தேசத்துல ஒரு காலை நேரம். ஒரு பெரியவர். அகோரப் பசி..."

என்னால்தான் எதையும் பார்க்காமல் இருக்க முடியாதே. ஓரக்கண்ணை ஓட்டினேன். கதையை ஒரு நொடிகூட நிறுத்தாமல், பானை சார் இடது கையால் அடுப்புத் திருகைப் பாதி திருப்பினார். உஸ் என்று சத்தம் எழுந்தது. அப்போதுதான் இவ்வளவு நேரம் அந்தச் சத்தமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார். வாயில் விரலை வைத்தார். "சமையல்காரம்மா என்ன பண்ணாங்க தெரியுமா?" என்று கதையைத் தொடர்ந்தார்.

அன்று சமையல்காரம்மாவின் புருஷன் மட்டுமல்ல, மாமியாரும் வந்தாள். என் மாமியார் சிரித்துவிட்டார். ஐயர்கூட, "அப்புறம்?" என்றார். ஏழு இருபத்தாறுக்கு, பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்த கட்டத்தில், பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். திரும்பினோம். பால் நாலு பக்கமும் பொங்கி, பொட்டையும் பூவையும் அடித்துக்கொண்டு மேடையில் ஓடியது. மாலதி கையைத் தட்டினாள், அழுதாள், சிரித்தாள், எல்லாம் சேர்த்துச் செய்தாள். முதல் டம்ளர் பாலை ஐயருக்குக் கொடுக்கவில்லை, பானை சாருக்குக் கொடுத்தாள். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை.

சாப்பிட்டு முடித்து அவர் கிளம்பும்போது கூடவே மாடிப்படி இறங்கினேன்.

"சார், நான்தான் கடைசிவரைக்கும் திருப்பிட்டேன்."

"தெரியும் சார். எல்லாரும் பானையைப் பாத்தீங்க, அடுப்பை ஒருத்தர் பாக்கலை. நான் திரும்பி நின்னதால காதுல கேட்டுது, சத்தம் வரலையேன்னு. அந்த வசனத்துக்கு எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் இதுதான். உங்க வீட்ல சொல்லிடாதீங்க. கதை கேட்டுப் பொங்குச்சுன்னே இருக்கட்டும்."

நான் இன்றுவரை சொல்லவில்லை. மாலதி வாரப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து, ராசிபலனில் ஆரம்பித்துப் படிக்கிறவள். இந்தப் பக்கம் வருவதற்குள் தூங்கிவிடுவாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கீழ்ப்படியில் அவர் செருப்பு மாட்டும்போது, வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன். "அப்ப உங்க ஃபிளாட்டு? அங்க அடுப்பை யார் சார் பாக்கறாங்க?"

அவர் தோள்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு தடிமனான ஃபைல். அவரைப் போலப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து போட்ட கேஸ், மனுக்கள், பதில்கள், பதிலுக்குப் பதில்கள். மாதா மாதம் ஹியரிங்குக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். பல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய்க்கு அவ்வளவு பல் ஏது என்று யாரும் யோசிக்கவில்லை.

"கட்டடத்தைப் பாத்தா அழுகை வருது சார். அதனால பாக்கறதில்ல" என்றார். "திருகு எங்க இருக்குன்னு தெரியும். அதை மட்டும் திருப்பிக்கிட்டே இருக்கேன்."

அதற்கப்புறம் நாலு வருஷம் ஆயிற்று. நடுவில் அவர் ரிட்டயரானார். கேஸ் ஜெயித்து, வேறொரு ஆள் வந்து கட்டடத்தை முடித்தார். ஆடு எப்போது காலி செய்தது என்று தெரியவில்லை. போன மாதம் எங்கள் ஆபீசுக்கு ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை வந்தது. போட்டிருந்த பெயர் யாருக்கும் தெரியவில்லை. தப்பான அட்ரஸ் என்று ஓரமாகப் போட்டுவிட்டோம். சலீம் பாய்தான் எடுத்துப் புரட்டிவிட்டு, "ஊரப்பாக்கம்னு கீதே சார், இது நம்ம பானை சாரு" என்றார்.

எல்லாரும் போனோம். மூன்றாவது மாடி. லிஃப்ட் எங்கள் கம்பெனியுடையது, ஓடியது. ஹாலில் ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். எட்டிப் பார்த்தால் ட்ரெயின் வருவது தெரியும், அவர் பார்க்கப்போவதில்லை என்றாலும்.

பானை ஏறியது. அடுப்புத் திருகைத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு நான் நகர்ந்தேன். யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். மாலதிதான் முதலில் திரும்பினாள். சித்தப்பாவையும் கூட்டி வந்திருந்தாள், அவரும் திரும்பினார். பிரான்ஸ் தேசத்துக்காகக் காத்திருந்தோம்.

கதை வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பொறுக்க மாட்டாமல் நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பானை சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்புக்கு நேரே நின்று, பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை இமைக்கவில்லை.

அவர் மனைவி மெதுவாகக் கேட்டார். "ஏங்க, நீங்களே பாக்கறீங்களே?"

"இரு. பதினோரு வருஷமா பாக்கலை. கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

நான் முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டேன். வெளியே ஒரு ட்ரெயின் செங்கல்பட்டுப் பக்கம் போனது. பின்னால் பால் பொங்கி அடுப்பில் விழுகிற சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. அவர் கூப்பிடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை நாங்கள் ஒருவரும் திரும்பவில்லை.